யாருடைய சிரிப்பு

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகந்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. படத்துக்கு ஒலி சேர்க்கும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நான் ஓய்ந்து போன் செய்யும்போதெல்லாம் பாப்பா தூங்கிவிடுகிறாள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயப்படாதீர்கள். படத்தில் ஒரு குழந்தை சிரிக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது பதிந்து வந்த பாப்பாவின் சிரிப்பையே போட்டேன். "இதுதாம்மா வேணும்," என்றார் இயக்குநர். அன்றிலிருந்து அதையே கேட்டுக்கேட்டு வேலை செய்கிறேன்.

நேற்று நீங்கள் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. "பக்கத்து வீட்டுக் குழந்தை வந்திருக்கா?" என்று கேட்டேன். "நம்ம பாப்பாதான்மா, இன்னிக்கு இன்னும் தூங்கல," என்றீர்கள். விளையாட்டுக்குக் கேட்டதாக மழுப்பினேன். விளையாட்டு இல்லைங்க, நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. எந்தக் கதவு கிரீச்சிட்டாலும் கண்டுபிடிப்பேன் என்று எனக்குப் பாம்புக் காது எனப் பெயர் வைத்தவர் நீங்கள். போனை வைத்ததும் பதிந்து வந்த பழைய சிரிப்பை மறுபடி போட்டுக் கேட்டேன். இதை வாயால் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன்.

ஒரு உதவி. பாப்பா குளிக்கும்போது, சாப்பிட அடம்பிடிக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்து தினமும் அனுப்புங்கள். வெறும் இருமலானாலும் போதும்.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். என் குரலையும் பதிந்து அனுப்பியிருக்கிறேன். அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். யார் இது என்று அவள் கேட்டால், எனக்குச் சொல்லாதீர்கள்.

உங்கள்
பாம்புக் காது