துவைக்காத சட்டை

ஞாயிறு, மதியம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் போதும்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அம்மா நலம். நான் வழக்கம்போல் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவிடம் பேசும்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் குரல் கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய் என்பதால் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறேன். நான்கு மாதம் இப்படியே ஓடிவிட்டது. அம்மாதான் சொன்னாள், "போன்னா வெச்சிடுவான். எழுதிப் போடுங்க, லெட்டர எப்படி வெப்பான்னு பார்ப்போம்" என்று.

குளிர்கிடங்கில் உனக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்றாள். கையுறை போட்டுக்கொண்டுதான் பெட்டிகளைத் தூக்க வேண்டுமாமே. கோல்கீப்பருக்குக் கையுறை புதுசா என்று சொல்லி நானே சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஃபுட்பால் கிளப் உன்னை அனுப்பிவிட்ட அன்று நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்களுடைய துணியை இனி நான் துவைக்கக் கூடாது என்றாய். "நானா, அந்தக் கிளப்பா? நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போனேன். யோசித்து எடுத்த முடிவு என்று நினைக்காதே. கால் போயிற்று, பின்னால் நானும் போனேன்.

டீமைப் பற்றி எழுதினால் உனக்குக் கோபம் வரும். எழுதாவிட்டால் எழுத என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இந்த சீசனில் ஆடிய ஐந்து ஆட்டமும் தோல்வி. புது மேனேஜர் பழைய ஆட்கள் ஏழு பேரை அனுப்பிவிட்டுக் கொண்டுவந்திருக்கும் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் "ஏய், இங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பெயரே இன்னும் மனப்பாடம் ஆகவில்லை போலிருக்கிறது. மேனேஜர் பேட்டிக்குப் பேட்டி "கொஞ்சம் பொறுங்க" என்கிறார். ஆகவே கேலரியில் அவருக்குப் 'பொறுங்க சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

சீசன் தொடங்கும் முன்பு ரசிகர்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டார். இரண்டு வருடம் கொடுங்கள் என்று கேட்டார். அந்த பஸ் டிரைவர் இருக்கிறாரே, கிழக்கு கேலரியில் முதல் வரிசைக்காரர், அவர் எழுந்து, "சார், தோக்கறது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. பதினோரு வருஷம் தோத்தாச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துல குடியா முழுகிடப்போவுது?" என்றாராம். கூட்டம் சிரித்துவிட்டது. அன்றைக்கே ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். தோற்றாலும் யாரும் கூச்சல் போடக் கூடாது. ஆட்டம் முடிந்து பத்து நிமிடம் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கடைசி ஆட்டக்காரர் உள்ளே போகும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும். துவைக்கும் அறை கிழக்கு கேலரிக்கு நேர் அடியில் இருக்கிறது. கூரைதான் எனக்கு டிவி. மேலே காலால் தரையை உதைத்தால் நம் கோல். இருக்கைகள் படபடவென்று மடங்கினால் அவர்களுடைய கோல், ஆட்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். இப்போது தோற்றாலும் மேலே ஓர் இருக்கை மடங்குவதில்லை. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இருக்காது. மெஷின் சுற்றும் சத்தம் மட்டும்தான்.

நீ அம்மாவிடம் கேட்டாயாமே, "இவங்களுக்கு ரெண்டு வருஷம் குடுக்கறாங்க, எனக்கு ஒரு மேட்ச் குடுத்தாங்களா?" என்று. உன் கடைசி ஆட்டத்தில் எண்பதாவது நிமிடம் பந்து உன் இடது பக்கம் உள்ளே போனதும் மேலே இருக்கைகள் மடங்கிய சத்தம் எனக்கும் கேட்டது. ஆட்டம் முடியும்வரைகூட உனக்காக யாரும் உட்காரவில்லை.

இன்னொன்று. உன் தோள்வலியை மேனேஜரிடம் டீமுக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதான் சொல்லிக்கொடுத்தார் என்று அவரைத் திட்டுகிறாயாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அவரை விட்டுவிடு.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

* * *

வியாழன்

அன்புள்ள மகனுக்கு,

பதில் வரவில்லை. கேட்டால்தானே வருவதற்கு. நான் கேட்கவும் இல்லை.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. புதுக் கண்ணாடியில் வீட்டு மூலையெல்லாம் தூசியாகத் தெரிகிறதாம். முதல் நாளே என்னைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சிருக்கீங்களே" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. காலையில் எழுகிறேன், துணியை ஊற வைக்கிறேன், அலசுகிறேன், காயப் போடுகிறேன், வீட்டுக்கு வருகிறேன். பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட வாய் மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும். உன் இடத்துக்கு வந்திருப்பவனை எல்லோரும் நெட்டை என்கிறார்கள். அவனுக்குப் புதுச் சட்டைகள் வந்தன, முழுக்கை வைத்து. நான் கத்தரிக்கோலை எடுத்து ஆறு சட்டைக்கும் கையை முழங்கை வரைக்கும் வெட்டி மடித்துத் தைத்துவிட்டேன். கடைசிச் சட்டையில் நூலை அறுக்கும்போதுதான் உறைத்தது. மணிக்கட்டில் துணி உரசினால் பிடிக்காது என்று பதிமூன்று வயதில் சொன்னது நீ. அவன் இல்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது.

அந்தப் பையன் சட்டையை வாங்கிக்கொண்டான். அப்படியே போட்டுக்கொண்டு மழையில் ஆடினான். முதல் பாதியில் பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போயிற்றாம். இருந்தும் மேலே ஓர் இருக்கை மடங்கவில்லை. ஆட்டம் டிரா. ஒன்பது ஆட்டத்தில் முதல் புள்ளி. கூரை இடிந்துவிடும்போல் குதித்தார்கள், சுண்ணாம்பு உதிர்ந்து நான் அலசி வைத்திருந்த துணியில் விழுந்தது. திரும்பவும் அலசினேன்.

ஆட்டம் முடிந்து பஸ் டிரைவர் என் அறைக்கு இறங்கி வந்தார். இத்தனை வருடத்தில் வந்ததே இல்லை. கதவருகேயே நின்றுகொண்டார். பிறகு, "உங்க பையனோட கடைசி மேட்ச் அன்னிக்கு நானும்தாங்க எழுந்து போனேன். பஸ் எடுக்கணும்னு பக்கத்துல சொல்லிட்டுப் போனேன். அன்னிக்கு எனக்கு லீவுங்க" என்றார். உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அவருக்குச் சொல்ல வாய் வந்தது. எனக்கு வரவில்லை.

கிடங்கில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தோளை மூடிக்கொள். திடீர்க் குளிர் ஆகாது.

அன்புடன்,
அப்பா

* * *

ஞாயிறு, காலை

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

நேற்று ஜெயித்துவிட்டார்கள். கடைசி நிமிடம் பெனால்டி, எதிர் டீமுக்கு. மேலே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கீழே தெரிந்தது. நான் கையில் பிழிந்த துணியோடு நின்றேன். அப்புறம் கூரை அதிர்ந்தது. நெட்டை இடது பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டான்.

மகனே, நான் கைதட்டினேன். அந்த அறையில் தனியாக, இரண்டு மெஷின் நடுவில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு தட்டினேன். தட்டி முடித்த பிறகு கையைப் பார்த்தேன். என்ன ஆளடா நான் என்று தோன்றியது. ஏழெட்டு மாதத்தில் எனக்கு ஏதாவது தோன்றியது அதுதான் முதல் தடவை. ஆகவே எழுதுகிறேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்தது பிசியோ இல்லை. நான்.

போன சீசன் முடிய ஆறு ஆட்டம் இருக்கும்போது மேனேஜர் வந்தாரே, வந்த இரண்டாம் நாள் என் அறைக்கு வந்தார். எந்த மேனேஜரும் அங்கே வந்ததில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொன்னாங்க" என்றார். அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தெரியும். ஆனாலும் கர்வம் கிர்ரென்று தலைக்கு ஏறிவிட்டது. யார் சட்டை வியர்வையே இல்லாமல் வரும், யார் உள்ளாடைக்குள் பட்டை கட்டுகிறான், யார் காலுறையில் ரத்தம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒப்பித்தேன். இருபத்திரண்டு வருடம் ஒருவரும் கேட்காததை ஒருவர் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

அப்புறம், "ஒண்ணாம் நம்பர் சட்டை எப்படி வரும்?" என்றார். ஒண்ணாம் நம்பர் என் மகன் என்று அவருக்கு அப்போது தெரியாது. நான் யோசிக்கக்கூட இல்லை. "வலது பக்கம்தான் சார் சேறு. இடது பக்கம் ஏழு மாசமா சுத்தமா வருது" என்றேன். என் கண் எவ்வளவு கூர்மை என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன். சொன்னதும் அவர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது. நீ இடது பக்கம் விழுவதில்லை. விழ முடியவில்லை. பிசியோவைத் தவிர எல்லோரிடமும் மறைத்து ஆடிக்கொண்டிருந்தாய்.

அது என் மகன் சார் என்று சொன்னேன். அவர், "தெரியாம கேட்டுட்டேன்" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. நல்ல மனிதர்தான், அதுவும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் அவரிடம் சொன்னதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சேறு ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் துணிக்குள் இறங்கிவிடும். காயவிட்டு உதிர்க்க வேண்டும். துணிக்கு அது சரி. உன் விஷயத்திலும் அப்படியே இருந்துவிட்டேன். ஏழு மாதம் அந்தச் சட்டையை என் கையால் துவைத்தேன். ஏழு மாதமும் பார்த்தேன். ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "ஏண்டா, தோள் வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயே சொல்வாய் என்று விட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே நிமிடத்தில் கொட்டிவிட்டேன். கேலரிக்காரர்கள் எண்பதாவது நிமிடத்தில் எழுந்து போனார்கள். நான் அதற்கு முன்பே போய்விட்டேன்.

நானா கிளப்பா என்று கேட்டாயே. வேலையை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுதலாமா என்று பார்த்தேன். விட்டால் நீ பேசுவாய் என்றால் இன்றைக்கே விடுகிறேன். ஆனால் உனக்குக் கோபம் வரவேண்டியது கிளப்மேல் இல்லை என்று தெரிந்த பிறகு நீயே சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நெட்டையின் சட்டை இரண்டு பக்கமும் சேறாக வருகிறது. இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கிடங்கு ஆட்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருக்கிறார்களாம், வாரம் ஒரு நாள் நீ கோலில் நிற்கிறாயாம். அம்மாவிடம் நீ சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். இருமலை அடக்கிக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அதற்கு இன்னும் நாளாகும், ஆகட்டும். அடுத்த தடவை ஆடிவிட்டு உன் சட்டையைத் துவைக்காமல் ஒரு காகிதத்தில் சுற்றி அனுப்பு. கிளப் விலாசத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு அனுப்பு. கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். நான் பிரித்து எந்தப் பக்கம் சேறு என்று பார்ப்பேன். எந்தப் பக்கமாக இருந்தாலும், இந்தத் தடவை உன்னிடம்தான் கேட்பேன்.

அம்மா வரும் சத்தம் கேட்கிறது. நன்றாக இருடா.

அப்பா