பச்சைப் பலகை

14 செப்டம்பர் 1986, ஞாயிறு

இன்றும் ஒரு லோரி குப்பை வந்து இறங்கியது. குப்பை என்று சொன்னால் இவர் முறைக்கிறார். பேலட் என்று சொல்ல வேண்டுமாம். இவர் வேலை செய்யும் துறைமுகக் கிடங்கில் பெட்டிகளை அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்குவதற்கு அடியில் வைக்கிற பலகைத் தட்டுகள் அவை. உடைந்துபோனால் வெளியே வீசிவிடுவார்கள். வீசியதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர இந்தக் கிள்ளான் ஊரிலேயே என் புருஷன் ஒருத்தர்தான் இருக்கிறார்.

சும்மா சொல்லக் கூடாது. கோழிக்கூண்டு, செருப்புத் தட்டு, நான் உட்கார்ந்து துணி தைக்கிற பெஞ்சு எல்லாம் அதில் செய்ததுதான். இப்போது பெரிய திட்டம். மகள் ரமணிக்கு ஏழு மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து இங்கே வருகிறாள். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. பின்பக்கம் அவளுக்கென்று ஓர் அறை எழுப்பப் போகிறார், முழுக்க முழுக்க பேலட் பலகையில்.

21 செப்டம்பர்

இந்தத் தடவை வந்த பலகை வேறு மாதிரி இருக்கிறது. கனம் அதிகம். இலேசான பச்சை நிறம். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின்களுக்கு அடியில் இருந்ததாம்.

"மருந்து ஏத்துன கட்டை வீரம்மா. மழையில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. கறையான் கிட்டயே வராது பாரு."

புதையல் கிடைத்த மாதிரி சிரிக்கிறார். பல் தெரியச் சிரித்து எத்தனை நாளாயிற்று! நானும் சிரித்துவைத்தேன்.

5 அக்டோபர்

நாள் முழுக்க ஆணி வேலை. இவர் கடப்பாரையால் நெம்பிப் பிரிக்கிறார். வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது என் பங்கு. விரலிலும் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒன்று கவனித்தேன். மண்ணில் கிடந்த பழைய பலகையைத் தூக்கினால் அடியில் கறையான் புற்று. பக்கத்திலேயே கிடக்கும் பச்சைப் பலகையில் ஒரு பூச்சி இல்லை. மத்தியானம் அதன்மேல் காப்பி கொட்டிவிட்டது. சீனி போட்ட காப்பி. சாயங்காலம் வரை ஓர் எறும்பு ஏறவில்லை.

இவரிடம் சொன்னேன். "அதான் சொன்னேனே!" என்றார். இந்தக் கம்பத்து வீடுகளில் எறும்பு வராத இடம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கென்னவோ அது நல்லதாகப் படவில்லை.

12 அக்டோபர்

இழைத்துக்கொண்டே இருக்கிறார். கை இரண்டும் சிவந்து தடித்திருக்கின்றன. தும்மல் வேறு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். "புதுக் கட்டை, அப்படித்தான் அரிக்கும்" என்கிறார். பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்.

26 அக்டோபர்

அறை முடிந்துவிட்டது. பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு நான் தைத்த மஞ்சள் திரை. ரமணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். மருமகன் பாலன், "மாமா, சூப்பர்லா! எங்க ரயில்வே குவார்ட்டர்ஸவிட நல்லா இருக்கு" என்றான்.

போகிறபோது, குளிக்கிற தண்ணீர் சுட வைக்க கரண்டு ஹீட்டர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு விறகு அடுப்பில் நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். கேஸ் அடுப்பில் வைத்த தண்ணீரே உடம்புக்கு ஏறாது, இதில் கரண்டாம்! விறகுக்கும் பஞ்சமில்லை. அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் குளியல் கொட்டகை ஓரம் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார் இவர்.

11 நவம்பர்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். முருகா.

14 நவம்பர்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதல் தண்ணீர் ஊற்றினேன். அண்டா நிறையக் கொதிக்கவைத்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, உடம்பு சிவக்கச் சிவக்க ஊற்றினேன். ரமணி கத்தினாள். நான் விடவில்லை. பிறகு குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டி, அடுப்புக் கங்குகளை அள்ளிப்போட்டு, சாம்பிராணிப் புகை காட்டினேன்.

தீயின் ஓரம் பச்சையாக எரிகிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாயம் எரியுது, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

22 நவம்பர்

குழந்தைக்கு இருமல். புகை கொஞ்சம் அதிகமோ? ரமணிக்கு இரண்டு நாளாக வாந்தி. பத்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பூண்டைக் குறைத்தேன்.

எனக்கும் தொண்டை கரகரக்கிறது. மழைக்காலம்.

30 நவம்பர்

அடுத்த வீட்டு நல்லம்மாளின் ஆடு செத்துப்போயிற்று. சினை ஆடு. வேலி ஓரம் நாங்கள் சாம்பல் கொட்டும் இடத்தில் தினமும் வந்து நக்கிக்கொண்டிருந்தது. சாம்பல் உப்புக் கரிக்கும், ஆட்டுக்கு அது பிடிக்கும், நானும் விரட்டவில்லை. நேற்று நடக்க முடியாமல் முன்னங்கால் மடிந்து விழுந்தது. இன்று காலையில் வாயில் நுரை.

நல்லம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "கீரைக்கு மருந்து அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? வாயில்லா ஜீவன்டி அது!"

"நான் எந்த மருந்தும் அடிக்கலக்கா. எம்பேத்தி மேல சத்தியமா!"

குழந்தையின் பேரில் சத்தியம் செய்திருக்கக் கூடாது.

5 டிசம்பர்

ரமணிக்குத் தலை வாரினால் சீப்பு நிறைய முடி. பிள்ளை பெற்றால் கொட்டத்தான் செய்யும், எனக்கும் கொட்டியது. ஆனால் இப்படிக் கொத்துக் கொத்தாகவா?

"அம்மா, கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியலம்மா" என்கிறாள். உடம்பில் காற்று ஏறியிருக்கிறது. தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்று அர்த்தம். இன்றிலிருந்து காலையும் மாலையும் ஊற்றுகிறேன். நெருப்பையும் கூட்டிவிட்டேன்.

9 டிசம்பர்

கோழிகள் செத்துக் கிடந்தன, சாம்பல் குழிக்குள்ளேயே. யாரோ எங்களுக்கு ஏதோ செய்துவிட்டார்கள். நல்லம்மாளா? சீ, என்ன புத்தி எனக்கு. உப்பும் மிளகாயும் சுற்றி அதே அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை.

13 டிசம்பர்

குழந்தைக்கு வலிப்பு. கண் மேலே போயிற்று. சாம்பிராணி காட்டி முடித்த கையோடு, என் மடியிலேயே. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரமணியால் ஓட முடியவில்லை, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். அவளையும் சேர்த்துப் படுக்கையில் போட்டார்கள்.

ஐயோ என் தங்கமே, கண்ணைத் திறடி.

16 டிசம்பர்

டாக்டரம்மா சின்னப் பெண்தான். ரமணியின் விரல்களைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். நகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. எல்லா நகத்திலும். நான் தினமும் அந்தக் கையைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன், பார்க்கவே இல்லை.

எலி மருந்து, பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் யார் சமைக்கிறது என்று கேட்டார்.

"நான்தான்."

எழுதிக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டார். எதற்கு இரண்டு தடவை? பிறகுதான் புரிந்தது. பாலன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானம் நான் கொண்டுபோன கஞ்சியை, "இருக்கட்டும் அத்தை, கேன்டீன்ல வாங்கிக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்தான்.

பெற்ற மகளுக்கு நான் விஷம் வைப்பேனா? வாசலில் நின்று அழுதேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

19 டிசம்பர்

சுகாதார ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அரிசி, மிளகாய்த்தூள், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது ஒருவர் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றார்.

"பாத்திரம் எதுல தேய்ப்பீங்க ஆன்டி?"

"சாம்பல்லதான். சோப்பைவிட பளபளன்னு போகும்."

சாம்பல் டின்னை எடுத்துக் காட்டினேன். எந்த விறகுச் சாம்பல் என்று கேட்டார். கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். ஒரு துண்டை எடுத்துக் கத்தியால் சீவினார். உள்ளேயும் பச்சை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அறைச் சுவரைப் பார்த்தார்கள். இவர் அதுவரை, அந்த அறையை எப்படிக் கட்டினார் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

29 டிசம்பர்

பாஷாணம்.

கறையான் அரிக்காமல் இருக்க, பலகைக்குள் அதைத்தான் ஏற்றுவார்களாம். பலகை பலகையாக இருக்கிறவரை அவ்வளவாக ஒன்றும் செய்யாதாம். எரித்தால்தான் புகையாகவும் சாம்பலாகவும் வெளியே வரும் என்று டாக்டரம்மா சொன்னார். எரித்தது நான். கதவைச் சாத்தி அவளை உட்காரவைத்தது நான். புகையில் குழந்தையைக் காட்டியது நான். அவள் சாப்பிட்ட தட்டைத் தேய்த்ததும் நான். முடியவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, நெருப்பைக் கூட்டினேன்.

பாலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க அத்தை" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கிறான்!

2 ஜனவரி 1987

இவர் அறையைப் பிரிக்கிறார். ஆணிகளை நான் நிமிர்த்தவில்லை.

7 ஜனவரி

குழந்தை பால் குடித்தது. வாந்தி எடுக்கவில்லை. காது சரியாகக் கேட்கிறதா என்று போகப் போகத்தான் தெரியுமாம். ரமணி வார்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை நடந்தாள்.

11 ஜனவரி

பிரித்த பலகை எல்லாம் ரோட்டோரம் மலையாகக் கிடக்கிறது. நகராட்சி லோரி பொங்கலுக்குப் பிறகுதான் வருமாம். புதைக்கவும் கூடாதாம், எரிக்கவும் கூடாதாம். இவர் ஒரு பலகையில் சிவப்புப் பெயின்ட்டால் தமிழிலும் மலாயிலும் எழுதி மேலே சாத்திவைத்தார். எரிக்காதீர்கள், விஷம்.

நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நல்லம்மாள் மட்டும் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆடு செத்ததிலிருந்து பேச்சு இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கத்திச் சொன்னேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

13 ஜனவரி

குவியலைக் காணோம். ஒரு துண்டு மிச்சமில்லை. இவர் எழுதிய பலகையும் சேர்ந்தே போய்விட்டது.

நாளைக்குப் பொங்கல். வருஷம் முழுக்க கேஸில் சமைக்கிறவர்கள்கூட நாளைக்கு ஒருநாள் வாசலில் விறகுதான் மூட்டுவார்கள்.

14 ஜனவரி

விடியும்போதே எழுந்து ரோட்டில் நின்றுவிட்டேன். வாசலுக்கு வாசல் புகை. ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ரப்பர் விறகு, ரப்பர் விறகு, தென்னை மட்டை. நெஞ்சு கொஞ்சம் ஆறியது. திரும்பி வரும்போது நல்லம்மாள் வீட்டு வாசல். போகும்போது கதவு சாத்தியிருந்தது, அதற்குள் மூட்டியிருக்கிறாள். பானையில் பால் பொங்க ஆரம்பித்துவிட்டது. மடியில் அவள் பேத்தி. பானைக்கு அடியில் தீயின் ஓரம் பச்சை.

அவள் வீட்டு வாளியையே தூக்கி, அடுப்பில் கொட்டினேன். பானை சாய்ந்தது. பொங்கிய பால் சாம்பலில் ஓடியது.

"நாசமா போறவளே! பொங்கப் பானையில கைய வச்சிட்டியே! நீ நல்லா இருப்பியா?"

"எழுதிப் போட்டிருந்துச்சே, நீ படிக்கலியாக்கா?"

"படிச்சேன்டி! வேற யாரும் எடுத்துரக் கூடாதுன்னு ஒம்புருஷன் கிளப்பிவிட்ட கதைன்னு நெனச்சேன்! அவரு ஒரு பேலட்டயாவது யாருக்காவது விட்டுக் குடுத்திருக்காரா?"

"ஒன் ஆடு ஏன்க்கா செத்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னது எல்லாவற்றையும், அந்த ஈரச் சாம்பல் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, பேத்தியின் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் இன்று பொங்கல் வைக்கவில்லை.

15 ஜனவரி

மிச்சமிருந்த பலகைகளை நல்லம்மாளே கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டாள். நான்கைந்துதான் இருந்தன. குவியல் அவ்வளவு பெரிதாக இருந்ததே?

"அவ்வளவையும் நானா எடுத்தேன்? நான் அள்ளும்போதே ஒரு ஆளு லோரிய நிறுத்துனாரு. நல்ல பலகை அக்கா, கறையானே தொடாது, வீணா கெடக்குதேன்னு சந்தோசமா ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. எழுதுன பலகையத் திருப்பிப் போட்டுத்தான் அடுக்குனாரு."

"யாரு? எந்த ஊரு?"

"செமினியாம். மக பிள்ளை பெத்துக்க வருதாம். ஒரு ரூம் கட்டணும்னாரு."

இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பேர் தெரியாது, வீடு தெரியாது. புதிதாக அறை கட்டுகிற வீடு எது என்றுதான் கேட்டுக்கொண்டு போக வேண்டும். இருட்டிவிட்டது, இன்னும் வரவில்லை.