விஜி பார்த்துச் சொன்ன கடல்

17 மே 2009, ஞாயிறு

கல்யாணமாகி இரண்டு வாரம். கேட்டதற்குத்தான் விஜி பதில் சொல்கிறாள். என்னைக் கட்டிக்கொள்ள அவளுக்கு விருப்பம் இருந்ததா? கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்று மதியம் கொட்டாரத்து அத்தை வீட்டில் விருந்து. புதுமாப்பிள்ளை போதும் என்று சொல்லக்கூடாது. போளியைப் பிசைந்து அதன்மேல் அடப்பிரதமன் பாயசத்தை மறுபடி மறுபடி விட்டார்கள். அந்த வயிற்றோடு தீம் பார்க்குக்குப் போனோம்.

சுழன்றுகொண்டே ஆடும் ஊசல்கள் இரண்டு இருந்தன. சின்னதில் எல்லோரும் உள்ளே பார்த்து உட்காரவேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். எதிரே இருப்பவர்களும் பயப்படுவது தெரியும். பெரியதில் முகம் வெளியே, கால்கள் அந்தரத்தில்.

“சின்னதுல அடுத்தவங்க மூஞ்சியத்தான் பாக்கணும். இதுல ஊரே தெரியும்லா?” என்றாள் விஜி.

நான் கேட்காமலே அவள் சொன்ன முதல் வாக்கியம். ஏறிவிட்டேன்.

உச்சிக்குப் போனதும் பாயசம் தொண்டைக்கு வந்தது. கண்ணை இறுக்கி மூடினேன். விஜி சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“நீங்க மூடிக்கிடுங்க. நான் பாத்துச் சொல்லுதேன். இப்ப மலை. இப்ப வயலு. அய்யோ, கடலு! இப்ப வெறும் வானம்.”

இறங்கியதும் செடியோரம் வாந்தி எடுத்தேன். முதுகைத் தடவிக்கொண்டே, “அத்தைட்ட சொல்லமாட்டேன்” என்றாள்.

நினைத்ததை இன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இரணியலில் அவள் சித்தி வீட்டு விருந்து. சற்றுமுன் தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: “சித்திட்ட நான் சொல்லிக்கிடுதேன். உங்களுக்குப் பாயசம் ஒருக்கதான்.”