ஸுலேமாவின் பாட்டில் என் மைனர்

பூனா

அன்புள்ள எர்மெலிண்டா அக்காவுக்கு,

உங்கள் ஆசி வேண்டி எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

கோயில் திருவிழாவுக்கு நான் மெட்டமைத்த பாட்டை எடுக்கவில்லை. "டீச்சர், இந்தச் சுருதிக்கு ஏணி வச்சுத்தான் ஏறணும், கொஞ்சம் இறக்குங்களேன்," என்றார் பாதிரியார். மறுத்துவிட்டேன். மூன்றே கார்டு, அதாவது மூன்றே சுரக்கூட்டு, தெரிந்த கிட்டார்க்காரி ஸுலேமாவின் பாட்டு தேர்வானது. கோயிலே சேர்ந்து பாடியது. எனக்கு வயிறு எரிந்தது. ஆர்கன் வாசித்த நான், கடைசி அடியில் அவளுடைய கார்டை விட்டுவிட்டு சோகமாக ஒலிக்கும் ஒரு மைனர் கார்டை வைத்தேன். எல்லோரும் கண் துடைத்தார்கள். பாராட்டு அவளுக்குப் போனது.

"ஆன்ட்டி, அங்க என்ன போட்டீங்க? சொல்லிக்குடுங்களேன்," என்று தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். இன்னும் சொல்லவில்லை. சீக்கிரத்தில் சொல்வதாகவும் இல்லை.

தோதோல் இனிப்பை இம்முறை இரண்டு பேருக்கு அனுப்புங்கள். வகுப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் தங்கை,
பிளாவியா