அடிபட்டவளாகப் படுக்கும் என் மகளுக்கு எழுந்து போக உத்தரவு வேண்டி

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தியின் தாய்,
மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்,
தொடக்கப் பள்ளிக்குப் பின் தெரு.

பெறுநர்
பேரிடர் தயார்நிலை அலுவலர் அவர்கள்,
பேரிடர் தயார்நிலை அலுவலகம்.

பொருள்: தொடக்கப் பள்ளிப் பேரிடர் ஒத்திகை – ஒரே மாணவியை ஆண்டுதோறும் காயம்பட்டவராகப் படுக்க வைத்தது – நில அதிர்வு நாளில் அதனால் நேர்ந்தது – மாற்றம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளியில் பேரிடர் பாடமே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். அந்தப் பாடத்தால் என் வீட்டுக்கு நன்மைதான் நடந்திருக்கிறது. அலமாரி உச்சியில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த இரும்புப் பெட்டியை என் மகள் ஒரே நாளில் கீழே இறக்க வைத்தாள். அது ஒரு நாள் தலையில் விழும் என்று நான் சொன்னபோதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத என் கணவர், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது என்றதும் மறுபேச்சு பேசாமல் இறக்கினார். வெள்ளம் வந்தால் மின்சாரத்தை எங்கே நிறுத்துவது, புயலடித்தால் எந்த ஜன்னலை விட்டு விலகி நிற்பது, நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் எப்படிக் குனிந்து தலையை மூடிக்கொள்வது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆனால் நிலம் உண்மையிலேயே ஆடிய அன்று, கட்டடத்தை விட்டு வெளியே வராத ஒரே பிள்ளை அவள்தான். அது ஏன் என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மனு.

2. ஒத்திகை எப்படி நடக்கும் என்பது தாங்கள் அறியாதது அல்ல. ஆனாலும் ஒரு தாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும் என்பதால் எழுதுகிறேன். நாள் முன்கூட்டியே தெரியும். அன்று சீருடையை இஸ்திரி போட்டு அனுப்பச் சொல்லி ஆசிரியை சொல்லிவிடுவார். முதல் மணிக்குப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் குனிவார்கள். இரண்டாம் மணிக்கு வரிசை பிடித்து மைதானத்துக்குப் போவார்கள். ஒரு பிள்ளை மட்டும் போகாது. அது கரும்பலகைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் வாட்டசாட்டமான பையன்கள் சிலர் ஸ்ட்ரெச்சரோடு ஏறிவந்து, அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார்கள். மைதானமே கை தட்டும், புகைப்படம் எடுப்பார்கள். முதல் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை என் மகள்தான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பள்ளியிலேயே அவள்தான் நோஞ்சான், தூக்குவதற்கு எளிது.

3. எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம். “நம்ம பொண்ணு என்னமா நடிக்கிறா, அப்படியே உயிரே இல்லாத மாதிரி இருக்கா!” என்று என் நாத்தனார் புகழ்ந்தார். புகழ்ச்சிதான் ஐயா, அவர் வாய் அப்படி. வகுப்புப் பிள்ளைகள் அவளை ‘ஸ்ட்ரெச்சர்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் வருடாவருடம் வெளியேறப் பழகிக்கொண்டிருந்தபோது, இவள் வருடாவருடம் படுக்கப் பழகிக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

4. நில அதிர்வு வந்தபோது நான் கடையில் இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போட்டன. பரிசோதனை நாற்காலியில் இருந்தவர், சோதனைக்காக நாங்கள் மூக்கில் மாட்டிவிட்ட கனமான சட்டத்தோடு தெருவுக்கு ஓடிவிட்டார். அது இன்னும் திரும்பி வரவில்லை. பெரிய ஆட்டம் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அப்போது அது எனக்குத் தெரியாது. செருப்பைக்கூடத் தேடாமல் பள்ளிக்கு ஓடினேன்.

5. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்ததைப் பார்த்ததும் உயிர் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், மிக ஒழுங்காக நின்றிருந்தார்கள். ‘ஆ’ பிரிவு வரிசையை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் பார்த்தேன். என் மகள் இல்லை. முதல் வகுப்பிலிருந்தே இந்தப் பிள்ளைகளோடு கூடவே வரும் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். “எண்ணிக்கை சரியா இருக்கும்மா, ரெண்டு தடவை எண்ணிட்டேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒத்திகை நாளில் அந்த வரிசை எப்போதுமே ஒரு தலை குறைவாகத்தான் நிற்கும். அந்த ஒருத்தி ஸ்ட்ரெச்சரில் தனியாக வருவாள் அல்லவா? அப்படி எண்ணியெண்ணி, ஒன்று குறைந்த கணக்கே அவருக்குச் சரியான கணக்காகப் பதிந்துபோயிருக்கிறது. நான் என் மகள் எங்கே என்றதும் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்தப் பெண்மணி மீது எனக்குக் கோபமில்லை. ஒரு வகுப்பையே கீழே இறக்கிக் கொண்டுவந்தவர் அவர். எனக்கு முன்னால் படியேறி ஓடியவரும் அவர்தான்.

6. காவலாளி என்னை மறித்து, “உள்ள யாருமே இல்லம்மா, எல்லாரும் வந்தாச்சு” என்றார். அவரைத் தள்ளிவிட்டுத்தான் போனேன். அதற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். மாடியில் வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. கூரைக் காரை பெயர்ந்து முன்வரிசை மேசைகள் மேல் விழுந்திருந்தது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில், கரும்பலகைக்குக் கீழே, என் மகள் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. ஒரு முழங்கால் மட்டும், சொல்லிக்கொடுத்தபடி, லேசாக மடங்கியிருந்தது. தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. ஆசிரியை அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் கண்ணைத் திறக்காமலே, உதடு அசைவது தெரியாதபடி, “பேசக் கூடாது மிஸ், எனக்கு நினைவு இல்ல. தூக்க வர்றவங்க இன்னும் வரல” என்றாள்.

7. தூக்குகிறவர்கள் எப்படி வருவார்கள் ஐயா? அந்தப் பையன்கள் போன வருடமே ஐந்தாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இந்த வருடத்துக்கு இன்னும் ஆள் பார்க்கவில்லை.

8. இந்த இடத்தில் ஒன்றைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. குற்றம் சாட்டும் எண்ணத்தில் எழுதவில்லை. போன வருட ஒத்திகைக்குத் தாங்களே நேரில் வந்திருந்தீர்கள். ஸ்ட்ரெச்சரில் மைதானத்தைக் கடக்கும்போது என் மகள் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, கையை ஆட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். தாங்கள் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, “அடிபட்டவங்க கையை ஆட்டுவாங்களா பாப்பா? தூக்குறவங்க வர்ற வரைக்கும் அசையவே கூடாது, சரியா?” என்று அன்பாகத்தான் கேட்டீர்கள். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதும் அசைவுதான் என்று உடனே ஞாபகம் வந்து, அப்படியே விறைத்துக்கொண்டாள். தாங்கள் அன்றே மறந்திருப்பீர்கள். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள்! ஆனால் ஒலிபெருக்கியில் தன்னிடம் தனியாகப் பேசிய ஒரு பெரிய அதிகாரியின் வார்த்தையை ஏழு வயதுப் பிள்ளை மறக்குமா? காரை பெயர்ந்து விழும்போதும் அவள் அதைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

9. நில அதிர்வுக்குப் பிறகு மூடியிருந்த பள்ளி இன்று மீண்டும் திறந்ததும், பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை, ஒரு மாணவி பயத்தில் மயங்கி விழுந்ததாகவும் மற்றபடி எல்லாம் ஒத்திகையில் நடந்ததைப் போலவே நடந்ததாகவும் அறிவித்தார். இரண்டாவது பாதியை நான் மறுக்கவே மாட்டேன். முதல் பாதி மட்டும் தவறு. என் மகள் பயப்படவும் இல்லை, மயங்கவும் இல்லை. பாடத்தை அட்சரம் பிசகாமல் செய்தவளைக் கோழை என்று சொல்லிப் பூசி மெழுகுவது நியாயமில்லை. அடுத்த மாத ஒத்திகைக்கும் அவளையே படுக்க வைக்கப்போவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். “அவளுக்குத்தான் நல்ல அனுபவம் இருக்கு, மத்த பிள்ளைங்க கனமா இருக்காங்களேம்மா” என்று தலைமையாசிரியை கேட்டார். அதற்கு எனக்கு வாயில் வந்ததை இந்த மனுவில் எழுத முடியாது.

10. எங்கள் கடையில் ஒரு தொல்லை உண்டு. கண் பரிசோதனைக்கு வரும் பிள்ளைகள், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். பிறகு நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால், கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். தாய்க்கு வாயெல்லாம் பல். பலகையை மாற்றிவிட்டுக் கேட்டால்தான் பிள்ளைக்குப் பாதி எழுத்து தெரியவில்லை என்பது வெளியே வரும். தேதி சொல்லி, இஸ்திரி போட்டு, யார் விழுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து நடத்தும் ஒத்திகையைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது.

11. பள்ளி மூடியிருந்த நாட்களில், மணி அடித்தால் எழுந்து வெளியே போக அவளை வீட்டிலேயே பழக்கிப் பார்த்தோம். நான் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். அவள் சமையலறைத் தரையில் படுத்துவிடுவாள். என் கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், பிள்ளை முகம் வாடினால் தாங்காதவர். “சரி, நானே தூக்குறேன் கண்ணு” என்று கையை நீட்டினார். “நீங்க ஊருக்கு அந்தக் கோடியில வண்டி ஓட்டிட்டு இருப்பீங்க, அவ இங்க படுத்துக் கிடப்பாளா?” என்று நான் கத்திவிட்டேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. பாடத்தில் சொல்லியிருக்கிற அவசரப் பையை அவள் முன்பே கட்டி வைத்திருந்தாள். அதையும் அவிழ்த்துப் பார்த்தேன். டார்ச் இருந்தது, பிஸ்கட் இருந்தது, கண்ணாடித் துண்டு காலில் குத்தாமல் இருக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பழைய செருப்புகள் இருந்தன. உன் செருப்பு எங்கே என்று கேட்டேன். “எனக்கு எதுக்கும்மா? என்னைத்தான் தூக்கிட்டுப் போயிடுவாங்களே” என்றாள். சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியாதா என்பதைப் போலப் பார்த்தாள்.

12. ஆகவே, காயம்பட்டவராகப் படுக்க இனி என் மகளை வைக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டுகிறேன். காயம்பட்டவர் கட்டாயம் வேண்டும் என்றால் பெரியவர்களில் ஒருவர் படுக்கட்டும். நான் படுக்கத் தயார், கடையில் விடுப்பு சொல்லிவிட்டு வருகிறேன். என்னைத் தூக்க முடிந்தால் யாரையும் தூக்கலாம். எண்ணும்போது வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். வருடத்தில் ஒரு முறையாவது நாள் சொல்லாமலும் புகைப்படக்காரர் இல்லாமலும் மணி அடித்துப் பார்க்க வேண்டும். பயத்தில் மயங்கியதாகச் சொன்னதை அதே பெற்றோர் முன்னால் திருத்திச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் சுற்றறிக்கை அனுப்பியே முடிகிற காரியங்கள்.

13. சுற்றறிக்கையில் முடியாதது ஒன்று இருக்கிறது. நேற்று அவளுக்குத் தலை வாரும்போது, மணி அடித்தால் மற்ற பிள்ளைகளோடு நீயும் எழுந்து போக வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். “நான் எழுந்து போயிட்டா அடிபட்டவங்களா யாரும்மா இருப்பாங்க? வேற யாராவது படுக்கணுமே. அவங்கள்லாம் கனமா இருப்பாங்க, யாராலயும் தூக்க முடியாது” என்றாள். என் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றுவிட்டது. பேரிடர் வந்தால் ஒரு பிள்ளை கட்டாயம் விழ வேண்டும் என்றும், அது தன் முறை என்றும் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் ஐயா. தான் எழுந்து போனால் இன்னொரு பிள்ளை கைவிடப்படும் என்று நினைத்துத்தான் அந்தத் தூசிக்குள் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள்.

14. யாருமே விழ வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் எழுந்து வெளியே வந்துவிட்டால் அதுதான் நல்லது என்றேன். “உனக்குத் தெரியாதும்மா, அந்தப் பெரிய சார்தான் சொல்லணும்” என்கிறாள். ஆகவே தாங்கள் பள்ளிக்கு வர வேண்டும். போன வருடம் போலவே ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, அவள் பெயரைச் சொல்லி, மணி அடித்தால் நீயும் எழுந்து போகலாம், உனக்குப் பதிலாக யாரும் படுக்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஒத்திகை அடுத்த மாதம் என்றார்கள். நிலம் எப்போது ஆடும் என்று யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து இந்த வாரமே வாருங்கள்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
மாணவியின் தாய்

இடம்: மூக்குக்கண்ணாடிக் கடை, மதிய இடைவேளையில்
நாள்: பள்ளி மீண்டும் திறந்த திங்கட்கிழமை