தூணில் வெட்டிய உபயம்

3.6.1983
சிவன் கோயில் முன்மண்டபத்தின் புகைப்படங்களைப் பெரம்பலூர் போய் வாங்கி வந்தேன். உத்தரத்தில் விரிசல். இரண்டு மழையைத் தாங்கிவிட்டது, மூன்றாவதைத் தாங்காது. அதற்கு நேர் கீழேதான் செங்கமலம் பூக்கூடையோடு உட்காருகிறாள்.

பழங்கட்டடங்களைக் காக்கப் பணம் தரும் அறக்கட்டளை ஒன்று சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். ‘கட்டடத்தின் வரலாறு’ என்று கேட்டு அரை அங்குலக் கட்டம் விட்டிருக்கிறார்கள். எண்ணூறு வருடத்தை அதற்குள் அடைத்தேன்.

19.6.1983
கோயில் கமிட்டிக்கு நிபந்தனைகளைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஒன்பதாவது: பழைய கல்லில் எதையும் பூசவோ செதுக்கவோ கூடாது.

“பாக்க வர்றவங்களுக்கு அப்படியே காட்டினா நம்மளக் கேவலமா நெனைக்க மாட்டாங்களா சார்?” என்றார் தலைவர் குருநாதன். வைத்தியர் வருகிறார் என்று நோயாளிக்குப் பவுடர் பூசுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

2.7.1983
அறக்கட்டளையின் பெயரை ‘உபயம்’ என்று போட்டுப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார் குருநாதன். “உங்க கையெழுத்து யாருக்கு சார் வரும்?” வரவேற்புத் தட்டிக்காக இருக்கும். கேட்கவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டு மூன்றாவதைக் கொடுத்தேன். அவ்வளவு பெருமை.

11.7.1983
பார்வையிட அறக்கட்டளையின் லீலாவதி அம்மாள் சென்னையிலிருந்து காரில் வந்தார். மேளம், மாலை, இளநீர். மண்டபத் தூணில், சோழர் கால எழுத்தின் மேலேயே, என் எழுத்து. உளியால் அரை விரல் ஆழத்துக்கு.

“பேரை மொதல்ல வெட்டிட்டோம்மா. இனிமே எப்படி இல்லைன்னு சொல்லுவீங்க?” என்று குருநாதன் இளித்தார். டியூப்லைட்டில் எழுதுகிறோமே, தூணில் எழுதினால் என்ன என்பது அவர் நியாயம்.

அந்த அம்மாள் விரலால் தடவிப் பார்த்தார். “எழுத்து நல்லாருக்கு. யார் எழுதினது?”

நான் இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

8.8.1983
கடிதம் வந்தது. ஒன்பதாவது நிபந்தனை மீறப்பட்டதால் நிதி இல்லை.

9.8.1983
“மெட்ராஸ்காரங்களுக்கு நன்றியே கெடையாது சார்” என்கிறார் குருநாதன். என்னய்யா மனுசன் நீ! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எந்தக் காதுல வாங்குன?

அவர்கள் மட்டும் என்ன பெரிய மேதைகளா? தூண் கெட்டது என்று உத்தரத்தை விழ விடுவதா? ஒருவன் சுவரில் கிறுக்கினான் என்று பள்ளிக்கூடத்தையே மூடுவார்களா?

செங்கமலத்தை அங்கே உட்காராதே என்றேன். “சரிங்க சார்” என்றாள்.

14.11.1983
மூன்று நாள் மழை. விடியற்காலையில் உத்தரம் விழுந்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. செங்கமலம் எதிரே புளியமரத்தடிக்கு முன்பே மாறியிருந்தாள்.

“இனிமே கட்டித் தருவாங்களா சார்?”

“மாட்டாங்க.”

“ஏன் சார்?”

“அந்தத் தூண்ல இருக்கிற எழுத்து என்னுது.”

கிடந்த கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, உட்கார்ந்திருந்த சாக்கின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.

“மழை விடட்டும். உக்காருங்க.”