கப்பலுக்காக ஒரு ஜெபம்

ஞாயிறு, இரவு.

அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டு, வீட்டில் மூச்சு விடாமல் இருந்தேன். பயணம் என்றால் ஜெபம் இல்லாமல் முடியுமா? போதகரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அந்த மனிதர் இன்று ஆராதனையில், சபை முழுக்கக் கேட்க, இருவர் பெயரையும் சொல்லி, "இவர்கள் கடல் பயணத்தைக் காத்தருளும்" என்று ஜெபித்துவிட்டார். எனக்குக் கோபமான கோபம்.

ஆண்கள் பக்கத்தில் அப்பா கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏட்டி, கப்பல்லயும் ஆம்பளையளுக்குத் தனி, பொம்பளையளுக்குத் தனியா?"

"இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே அறைதான். ஜன்னலத் தெறந்தா கடலு."

ஆய்ந்த கீரையை அள்ளிச் சட்டியில் போட்டாள். "அவுக பக்கத்துல சும்மா உக்காந்து ஒண்ணையும் பாத்ததே இல்லட்டி."

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு இதை எழுதிச் சிரிக்கலாம் என்று இப்போதுதான் போனை எடுத்தேன். 'ஒரே அறை' என்று அடித்ததும் விரல் நின்றுவிட்டது.